கண்டிச் சீமையில் இரு தினங்கள்

பிரயாணம் புறப்படுவோரில் இரு வகையினர் உண்டு. ஒரு வாரத்துக்கு முன்பே காகிதமும் பென்சிலும் எடுத்து, உடுக்க வேண்டிய துணிமணி முதல் கொறிக்க வேண்டிய முறுக்கு வரை குறித்து வைப்போர் ஒரு வகை. நினைத்த மாத்திரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவோர் மற்றொரு வகை. நம் இல்லத்தில் முதல் வகைக்கு இல்லாளும் இரண்டாம் வகைக்கு நாமும் நீண்டகாலப் பிரதிநிதிகள். 2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமையொன்றில் இந்த ஒழுங்கு தலைகீழாயிற்று. வெள்ளவத்தைச் சந்தைக்குப் புறப்பட்டுக் கையில் பையோடு நின்றவள், "இன்றைக்குக் கண்டிக்குப் போவோமா?" என்று கேட்டாள். காய்கறிப் பையே பிரயாணப் பையாயிற்று. அரை மணி நேரத்தில் வண்டி தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.

பெற்றோல் தாங்கி நிறைந்திருந்தது. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் நிலையங்களின் முன்னே இரவு பகலாக வரிசையில் கிடந்தவர்களுக்குத்தான் நிறைந்த தாங்கியின் அருமை தெரியும். எண்ணிய கணத்தில் ஓர் ஊருக்குப் போகலாம் என்பது சாதாரண பாக்கியமன்று.

கண்டி அவளுடைய பிறந்த ஊர். நம் மாமியார் காலமான பின்னர் அங்கிருந்த வீடு கைமாறிவிட்டது. அதற்குப் பிறகு ஏழு ஆண்டுகளாக அவள் அவ்வூர்ப் பக்கம் செல்லவில்லை. அன்று மட்டும் ஏன் தோன்றியது என்று நாம் வினவவில்லை. வினவினால் மனம் மாறிவிடுமோ என்ற அச்சம் நமக்கு.

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 115 கிலோமீற்றர். பஸ்யாலையைக் கடந்ததும் வீதியோரக் கடைகளில் பெண்கள் கஜு விற்கும் கஜுகம. கேகாலையைத் தாண்டினால் வலப்புறமும் இடப்புறமும் குன்றுகள் தலை காட்டத் தொடங்கும். உத்துவன்கந்தை என்னும் குன்றைக் கண்டதும், 1864இல் கண்டியில் தூக்கிலிடப்பட்ட சரதியேல் என்ற வழிப்பறிக்காரனின் கதையை இல்லாளுக்குச் சொன்னோம். செல்வரிடம் பறித்து ஏழைக்கு ஈந்தவன் என்று அவனைப் பற்றி மக்கள் கூறுவர். "எல்லா ஊரிலும் ஒருவன் அப்படி இருந்திருக்கிறான், ஏழைகள் மட்டும் எல்லா ஊரிலும் ஏழைகளாகவே இருக்கிறார்கள்" என்றாள் அவள், கஜுவைக் கொறித்தபடி. அதற்கு மறுமொழி நம்மிடம் இல்லை.

கடுகண்ணாவையில் இறங்கினோம். கண்டிக்குப் போகும் எவரும் இங்கே ஒரு கால் மணி நேரமாவது நிற்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். வளைந்து வளைந்து ஏறும் வீதி. அதன் ஓரத்திலே, முன்னாளில் வண்டிகள் நுழைந்து சென்ற துளைத்த பாறை. சற்று மேலே வெண்ணிறத் தூண் ஒன்று. அத்தூண் டோசன் என்னும் ஆங்கிலப் பொறியியல் அதிகாரியின் நினைவுக்கு 1832இல் எழுப்பப்பட்டது. தேசாதிபதி எட்வர்ட் பான்ஸின் ஆணைப்படி இம்மலையில் வீதி வகுத்தவர் அவர். பணி முற்றும் நிறைவேறுமுன் 1829இல் இறந்துபோனார். கண்டியை அடக்கி ஆள வருபவன் பாறையைத் துளைத்து வழி செய்வான் என்றொரு ஐதிகம் மலைநாட்டு மக்களிடையே நிலவியதாம். பாறையைத் துளைக்க உளி பிடித்தவர்களோ இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தின் பேரில் கிராமங்களிலிருந்து அழைத்துவரப்பட்ட குடியானவர்கள். வகுத்தவருக்குத் தூண் உண்டு, உடைத்தவர்களுக்கு இல்லை. இஃது அப்போது நம் மனத்தில் மின்னி மறைந்த எண்ணம். மறுநாள் இதே எண்ணம் வேறோர் உருவத்தில் நம்மை எதிர்கொள்ளும் என்று நாம் நினைக்கவில்லை.

இவ்வீதி முதலில் படைகளுக்காக வெட்டப்பட்டது. பின்னர் அதன் வழியே கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டிகளில் இறங்கின. கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் 1823இல் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் தொடங்கினார். தேசாதிபதி பான்ஸும் சும்மா இருக்கவில்லை. பேராதனைக்கு எதிரே கன்னொறுவையில் தாமே ஒரு தோட்டம் வைத்துக்கொண்டார். தோட்டத்துக்கு ஆள் வேண்டும். ஆள் தமிழகத்திலிருந்து வந்தது. அந்த வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்களும் அவர்தம் நண்பர்களும் கால்நடையாகச் சென்றதை வாசக அன்பர்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பர். முன்னோர் நடந்த அதே பாதை. முன்னோருக்குக் காடும் காய்ச்சலும் வாந்திபேதியும் வழித்துணை. வீழ்ந்தவர்கள் வீழ்ந்த இடத்திலேயே விடப்பட்டனர்.

பிற்பகலில் கண்டி நகரை அடைந்தோம். வாவிக்கரையில் உலவுவது என்று வந்துவிட்டால் அதற்கென்று ஒரு வேகம் உண்டு; அவசரக்காரரையும் வாவி மெதுவாக நடக்கச் செய்துவிடும். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1807இல் வெட்டுவித்த நீர்நிலை இது. கரையைச் சூழ்ந்த வெண்மதிலில் முகில்களைப் போன்ற வளைவுகள். மதுரை நாயக்கர் வழித்தோன்றலான அம்மன்னன், கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்டவன், 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டான். அங்கேயே 1832 ஜனவரியில் மாண்டான். கடுகண்ணாவைத் தூண் எழுந்ததும் அதே ஆண்டுதான். தலதா மாளிகையின் எண்கோண மண்டபம் நீரில் நிழலாடிற்று. மாலையில் கட்டுக்கலைப் பிள்ளையாரைத் தரிசித்துவிட்டு, விடுதியில் இடியப்பமும் சொதியும் உண்டு அமர்ந்தோம்.

அப்பொழுதுதான் இல்லாள் கேட்டாள்: "தெல்தோட்டை இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

காரணம் புரிந்தது. நம் மாமியார் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்துக் காம்பிராவில் பிறந்தவர். (தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம்.) மணமாகிக் கண்டிப் பட்டணத்துக்கு வந்தபின் அவர் அங்கு திரும்பியதே இல்லை. மகள் எத்தனை முறை கேட்டாலும், "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்பதே விடை. அவருடைய பெற்றோரும் ஒரே தங்கையும் 1973இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ஒரு சொற்றொடருக்குமேல் அவ்வீட்டில் அக்கதை வளர்ந்ததில்லை.

இளைய வாசகர்களுக்காக அக்கதையின் பின்னணியைச் சுருக்கிச் சொல்ல வேண்டும். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948இலேயே இயற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும் 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவது என்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. மனிதரைப் பங்கிட்டால் குடும்பம் பிளவுபடாமல் என்ன செய்யும்? அவர்களை ஏற்றித் தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டிக்கு மலையகத்தார் இட்ட பெயர் "ஒப்பாரிக் கோச்சி". கண்ணீரை ஏற்றிச் சென்ற வண்டிக்கு அதைவிடப் பொருத்தமான பெயரை எந்தப் புலவரும் வைத்திருக்க முடியாது. நாட்டிலே எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

ஞாயிறு விடிந்ததும் புறப்பட்டோம். பேராதனைப் பூங்காவைச் சுற்றி மகாவலி வளைந்தோடும் அழகை வண்டியிலிருந்தபடியே கண்டு திருப்தியடைந்தோம். 1821இல் அமைக்கப்பெற்ற இப்பூங்காவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்காமல் உள்ளே நுழைவது அதற்குச் செய்யும் அவமரியாதை. கலஹா செல்லும் வீதியோ பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே செல்கிறது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் இங்கு குடிபுகுந்தது. ஒரு பக்கம் அந்தானை மலை, மறு பக்கம் மகாவலி. இந்த வளாகத்தில் இருந்துகொண்டுதான் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமத்துக் களரியில் ஆடப்பட்ட கூத்தைப் படித்தவர் மத்தியில் கொணர்ந்தார். மேட்டிலே குறிஞ்சிக் குமரன் கோயில் மணி ஒலித்தது. மாணவர் சிலர் ஈர வேட்டியோடு படியேறிக்கொண்டிருந்தனர்.

ஹிந்தகலையைத் தாண்டியதும் வீதி குறுகிவிடும். எதிரே பஸ் வந்தால் எவரேனும் ஒருவர் பின்வாங்க வேண்டும். பஸ் ஒருபோதும் பின்வாங்காது. மலைவீதியில் வண்டி ஓட்டுவோருக்கு நாம் சொல்லக்கூடியது இரண்டே விஷயம். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் இறங்குக. மழைக்காலமாயின், கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டறியாமல் புறப்படாதீர். பெப்ரவரி பொதுவாக உலர்ந்த மாதம். அன்று காலை பனி மட்டுமே இருந்தது. கலஹாவின் சிறு கடைத்தெருவில் தேநீரும் வாய்ப்பனும் கிடைத்தன. அதற்கப்பால் மலைமுழுதும் தேயிலை. சீவி வாரிய தலையைப் போன்று மட்டம் பிசகாத பசுமை. இடையிடையே கவ்வாத்து வெட்டிய மலைகளில் கரிய குச்சிகள்.

தெல்தோட்டையைக் கடந்து லூல்கந்துரைக்குச் சென்றோம். இலங்கைத் தேயிலையின் கதை இங்கேதான் தொடங்குகிறது. ஸ்கொத்லாந்திலிருந்து 1852இல் பதினாறு வயது இளைஞராக வந்த ஜேம்ஸ் டெயிலர், 1867இல் இத்தோட்டத்தின் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கண்டிக்குப் புகைவண்டி வந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டு வருடம் கழித்து, 1869இல், கோப்பி இலையில் துருப்போன்ற ஒரு நோய் தோன்றிற்று. சில ஆண்டுகளில் கோப்பித் துரைமார் பலர் ஓட்டாண்டிகளாயினர். டெயிலரின் 19 ஏக்கர் மட்டும் இல்லாதிருந்தால் இந்நாட்டின் சரித்திரம் வேறு வழியில் சென்றிருக்கும்.

அவர் தங்கியிருந்த மரக்குடிலில் இன்று எஞ்சியிருப்பது கல்லாலான புகைபோக்கி ஒன்றே. மேலே, பள்ளத்தாக்கை நோக்கியபடி, கருங்கல் ஆசனம் ஒன்று உண்டு. டெயிலர் மாலை வேளைகளில் அமர்ந்த இடமென்று காட்டுகிறார்கள். நாமும் அமர்ந்தோம். காலடியில் பள்ளத்தாக்கு பனி விலகி மெல்ல மெல்லத் திறந்தது. இத்தனை அழகான காட்சியைத் தினந்தோறும் பார்த்துக்கொண்டிருந்தவர், நாற்பது ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பாததில் வியப்பில்லை என்று தோன்றிற்று. 1874இல் தேயிலைத் தொழிலைக் காணத் தார்ஜிலிங் சென்று வந்ததே அவருடைய ஒரே ஓய்வுப் பிரயாணம்.

அவர் தேயிலை செய்த முறையை அக்காலத்தில் நேரில் கண்டவர்கள் வர்ணித்துள்ளனர். இஸ்டோர் என்று தனியே ஒன்றுமில்லை. பங்களா விறாந்தையே இஸ்டோர். மேசைமீது கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டு முதல் முழங்கை வரை அழுத்தி உருட்டுவர். பின்னர் களிமண் அடுப்பில் கரிநெருப்பின்மேல் கம்பித் தட்டில் இட்டு வாட்டுவர். இவ்விவரத்தை நாம் சொல்லிக்கொண்டிருந்தபோது இல்லாள் இடைமறித்தாள்.

"உருட்டினது யாருடைய முழங்கை?"

துரையுடையது மட்டுமாக இருக்க முடியாது என்றோம்.

"பெயர் ஏதாவது எழுதியிருக்கிறார்களா?"

நாம் கண்ட பலகை எதிலும் இல்லை.

அங்கிருந்து மாமியாரின் தோட்டம் வெகு தூரமன்று. ஞாயிற்றுக்கிழமையாதலால் பெரட்டுக்களம் வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு மேட்டில் அண்மையில் கட்டிய தனி வீடுகள் சில; கீழே ஆங்கிலேயர் காலத்து லயம், கறுத்த தகரக் கூரையோடு அப்படியே இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற கணக்கில் ஒரு காம்பிரா. அதன் முன்னே ஒடுங்கிய ஓர் இஸ்தோப்பு. இல்லாள் பாட்டனாரின் பெயரைச் சொல்லி விசாரித்தாள். இளைஞர்களுக்குத் தெரியவில்லை. ஒரு சிறுவன் நம்மைக் கடைசிக் காம்பிராவுக்கு அழைத்துச் சென்றான். எண்பதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர் வாசற்படியில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு பெத்த புள்ள நீ?" என்றார் அவர், கண்களைச் சுருக்கி.

தாயின் பெயரைச் சொன்னாள். உரல் நின்றது. நெடுநேரம் முகத்தையே பார்த்திருந்தார். "மூக்கு அவதான்," என்றார் பின்பு. "உங்கம்மாவும் நானும் ஒரே மலையில கொழுந்தெடுத்தவங்க. அவ கல்யாணம் கட்டிப் போனா. மத்தவங்க கோச்சியில போனாங்க. பெட்டியைக் கட்டி வச்சிட்டு அஞ்சு நாளு ஒருத்தரும் அடுப்பு பத்தவைக்கல. நாங்கதான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தோம்."

இல்லாளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே: தன் கொள்ளுப்பாட்டனாரின் பெயர். எந்த ஊரிலிருந்து வந்தார், யாரோடு வந்தார் என்பது. மூதாட்டி எண்ணி எண்ணிச் சொன்னார். லயத்தில் முதல் காம்பிராவில் இருந்தவர் யார், இரண்டாவதில் யார், எவர் எவருக்கு உறவு என்று. கங்காணிமாருடைய பெயர்கள் எளிதில் வந்தன. கொழுந்தெடுத்த பெண்களின் பெயர்கள் மெதுவாக வந்தன. இல்லாள் கஜு வாங்கிய காகித உறையைப் பிரித்து அதிலே எழுதினாள். ஏழு பெயர்கள். கொள்ளுப்பாட்டனாரின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. "கிழவனை எல்லாரும் துறையூரான்னுதான் கூப்புடுவாங்க. செக்ரோலுல வேற பேரு இருந்திருக்கும்," என்றார் அவர். பழைய செக்ரோல்கள் அத்தோட்டத்தில் இப்போது இல்லை.

தேநீர் தந்தார்கள், சாயம் கூடிய, பால் விடாத தேநீர். கொழுந்தின் சிறந்த பகுதி கப்பலேற, எஞ்சிய தூளையே தோட்டத்தார் அருந்துவர் என்பது பழைய குறை. அக்காலத்தில் ஒரு நாள் பேருக்கு 1000 ரூபாய். அவ்வாண்டு செப்டெம்பரில் அடிப்படைக் கூலி 1350 ஆயிற்று. கொழும்பு விடுதிகள் சிலவற்றில் ஒரு தேநீர்க் கோப்பைக்கு வாங்கும் விலையை எண்ணிப் பார்த்தோம். விலையைச் சொன்னால் அந்த மூதாட்டி சிரித்திருப்பார், நாம் சொல்லவில்லை.

திரும்புகையில் வேறு வழி கொண்டோம். ஹேவாஹெட்டைப் பக்கமாக இறங்கித் தலாத்துஓயா வழியே கண்டி செல்வது. இவ்வழியில்தான் முல்லோயாத் தோட்டம் இருக்கிறது. 1940 ஜனவரியில் கூலி உயர்வு கோரி அங்கே வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது, பொலிஸாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி இரையானார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகி என்று அவரைப் போற்றுவர். துப்பாக்கிக் குண்டு பட்டதனால் ஒருவருடைய பெயராவது நிலைத்தது.

கண்டியை அடைந்தபோது பிற்பகல் மூன்று மணி. மகியாவை மயானத்துக்குச் சென்றோம். ஜேம்ஸ் டெயிலர் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். முதுமையில் தோட்டத்தின் உரிமையாளர்கள் அவரை விலகச் சொன்னார்களாம். அவர் மறுத்தார், அதே ஆண்டு, 1892 மே 2ஆம் நாள், வயிற்றுக்கடுப்பினால் லூல்கந்துரையிலேயே காலமானார். பருத்த உடலினர். தொழிலாளர்கள் முறை வைத்து மாறி மாறிப் பிரேதப் பெட்டியைத் தோளில் ஏற்றி, பதினெட்டு மைல் தூரம் இம்மலைகளின் வழியே இறங்கிக் கண்டிக்குக் கொண்டுவந்தனர். "சாமி துரை" என்று அழைத்தபடி கங்காணிமாரும் கூலியாட்களும் பின்தொடர்ந்தனர் என்று எழுதிவைத்திருக்கின்றனர். துரையை அவர்கள் நேசித்ததும் மெய்யாக இருக்கலாம், சுமந்ததும் மெய். கல்லறையில் அவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் தேயிலைக்கு அவர் ஆற்றிய பணியும் தெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளன. இல்லாள் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தாள், ஒன்றும் பேசவில்லை.

மயானத்து வாசலில் நின்றபடி அவள் நீலகிரிக்குத் தொலைபேசியில் அழைத்தாள். 1973இல் கோச்சியேறிய சின்னம்மா அங்கே இருக்கிறார். தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் அவரும் ஆண்டுகள் பல கொழுந்தெடுத்தவர். இலங்கையில் பறித்த கை இந்தியாவிலும் அதையே பறித்தது. திருமணங்களுக்கும் மரணங்களுக்கும் மட்டுமே பேசிக்கொள்ளும் உறவு. "சின்னம்மா, நான் லயத்துக்குப் போய் வந்தேன்" என்றாள். மறுமுனையில் சற்று நேரம் ஒலியே இல்லை. பிறகு கேள்விகள் வந்தன: பீலியில் தண்ணீர் வருகிறதா, மாரியம்மன் கோயில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, வெற்றிலை இடிக்கும் அந்தக் கிழவி இன்னும் உயிரோடா?

இல்லாள் காகித உறையை விரித்து ஏழு பெயர்களையும் வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் சின்னம்மா ஒரு "ஆமாம்" சொன்னார், ஒன்றுக்கு மட்டும், "அது அவங்க அண்ணன் பேரு, அவரு பேரு வேற" என்று திருத்தினார். பின்னர் அவராகவே நான்கு பெயர்களைச் சேர்த்தார். துறையூரானின் பெயர் அவற்றுள் இரண்டாவது. மூன்றாவது, அவருடன் கைக்குழந்தையோடு கடல் கடந்து வந்த அவருடைய மனைவியின் பெயர். அதை இல்லாள் இரு முறை கேட்டு, எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டாள். உறையில் இடம் போதாமையால் மறுபுறம் திருப்ப வேண்டியிருந்தது.

கடுகண்ணாவையை இறங்கும்போது இருட்டிவிட்டது. சந்தைக்குப் போகவே இல்லையாதலால் மறுநாள் சமையலுக்குக் காய்கறி ஒன்றும் இல்லை. மாவனெல்லையில் வண்டியை நிறுத்தி, ஒரு கட்டு கீரையும் இரண்டு தேங்காயும் வாங்கிக்கொண்டோம்.